கொழும்பில் ஐந்து நட்சத்திர ஹோட்டல்: பணம் கட்டும் முன்பே பேசி முடிக்க வேண்டியவை

கேள்வியின் சாரம் இது. டொரொன்டோவிலிருந்து கணவன், மனைவி, 5 மற்றும் 11 வயதுப் பிள்ளைகள் இருவர். யாழ்ப்பாணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும்; இருவரும் 70 தாண்டியவர்கள், சுத்த சைவம். டிசம்பர் கடைசியில் கொழும்பில் ஐந்து நட்சத்திர ஹோட்டலில் நான்கு இரவு. எந்த ஹோட்டல் நல்லது, எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் ஒன்று: ஹோட்டலின் பெயரைப் பற்றி இவ்வளவு மண்டையை உடைக்கத் தேவையில்லை. காலிமுகத்திடல் என்ற கடலோரத் திடலைச் சுற்றியும் கோட்டைப் பகுதியிலும் கொம்பனித்தெருவிலும் உள்ள பெரிய ஹோட்டல்கள் எல்லாமே மெத்தையும் துவாயும் உபசரிப்பும் குறையில்லாமல் தருபவைதான். ஒரே ஹோட்டலில் தங்கிய இருவரில் ஒருவர் புகழ்வதும் மற்றவர் திட்டுவதும் எந்த அறை, எந்த நாள், எந்த விலை என்ற மூன்றினால். இந்த மூன்றையும் இங்கே வந்து இறங்கிய பிறகு சரிசெய்வது கஷ்டம். மின்னஞ்சலில் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

விலை

கொழும்பு ஹோட்டல்களில் பெரும்பாலும் ஒரே அறைக்கு இரண்டு விலை இருக்கும். வெளிநாட்டவருக்கு டொலரில் ஒன்று. இலங்கையில் வசிப்பவர்களுக்கு ரூபாயில் ஒன்று. இரண்டாவதை 'ரெசிடென்ட் ரேட்', 'லோக்கல் ரேட்' என்பார்கள். வித்தியாசம் சில நாட்களில் சின்னதாக இருக்கும், சில நாட்களில் கண்ணைப் பிதுங்க வைக்கும். உங்கள் குடும்பத்தில் இரண்டு வகை ஆட்களும் இருப்பதால் இதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும்.

அப்பா அம்மாவுக்குத் தனி அறை, அப்பாவின் பெயரில், தேசிய அடையாள அட்டை இலக்கத்தோடு, உள்ளூர் விலையில் பதியுங்கள். உங்கள் அறையை உங்கள் பெயரில், கனடாக் கடவுச்சீட்டில் பதியுங்கள். இரண்டு பதிவிலும் மற்றதன் இலக்கத்தைக் குறிப்பிட்டு, 'ஒரே குடும்பம், பக்கத்துப் பக்கத்து அறைகள் வேண்டும்' என்று எழுதுங்கள். இரண்டு அறையையும் அப்பாவின் பெயரிலேயே உள்ளூர் விலையில் போட்டுவிடலாம் என்று சொந்தக்காரர் யாராவது சொல்வார்கள். வேண்டாம். செக்-இன் செய்யும்போது ஒவ்வோர் அறையிலும் தங்கும் பெரியவர்களின் அடையாள ஆவணத்தைப் பார்த்துப் பதிகிறார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு தெரிந்தவுடன் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். அதுவும் இணையத்தில் கிடைத்திருக்கக்கூடிய மலிவு விலைக்கு அல்ல, அன்றைய கவுண்டர் விலைக்கு. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் நிலை ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும்: சில இடங்களில் இலங்கை அடையாள அட்டை போதும், சில இடங்களில் இங்கே வசிப்பவராகவே இருக்க வேண்டும். உங்களில் யாருக்காவது அது இருந்தால், எந்த ஆவணத்தை ஏற்பார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது 'பிளஸ் பிளஸ்'. விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் வரியும் சேவைக் கட்டணமும் சேரவில்லை என்று அர்த்தம். 'நெட்' என்றிருந்தால் எல்லாம் சேர்ந்தது. சேவைக் கட்டணம் 10 விழுக்காடு. அதன் மேல் பெறுமதி சேர் வரி. அது 2024 ஜனவரியிலிருந்து 18 விழுக்காடு. அதோடு சுற்றுலா அபிவிருத்தி வரி 1 விழுக்காடு, சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 விழுக்காடு. இவற்றைக் கூட்டி 31.5 என்று கணக்குப் போட்டால் பில் வரும்போது இடிக்கும், ஏனென்றால் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன. 100 டொலர் அறைக்கு முதலில் சேவைக் கட்டணம் சேர்ந்து 110 ஆகும். மற்ற வரிகளும் ஏறி முடியும்போது 134 டொலரை ஒட்டி நிற்கும். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் என்று மனதில் வைத்துக்கொண்டால் தப்பாது. உணவகப் பட்டியலிலும் இதே கணக்குத்தான். ஆகவே இரண்டு ஹோட்டலை ஒப்பிடும்போது இரண்டையும் 'நெட்' ஆக்கிக்கொண்டு ஒப்பிடுங்கள். பதிவுத் தளங்கள் சிலவற்றில் முதல் பக்கத்தில் வரியில்லாத விலையும், கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'ஹோட்டலில் செலுத்த வேண்டியது' என்று மிச்சமும் வரும். அந்தக் கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கடைசி என்பதால் இன்னொரு பொறி உண்டு. 24, 31 ஆம் திகதி இரவுகளில் பல ஹோட்டல்கள் 'காலா டின்னர்' என்று ஒரு விருந்தைக் கட்டாயமாக்கி, தலைக்கு இவ்வளவு என்று அறை விலையோடு சேர்க்கும். பிள்ளைகளுக்கு அரை விலை இருக்கலாம். சைவம் சாப்பிட்டு ஒன்பது மணிக்குத் தூங்கப் போகும் அப்பா அம்மாவுக்கும் அதே கட்டணம்தான். நான்கு இரவில் இந்த இரண்டு திகதியும் விழாமல் அமைத்துக்கொள்வது நல்லது. முடியாவிட்டால் கட்டாயமா, இல்லையா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

விலை குறைவு என்று 'பணம் திரும்பாது' என்ற பதிவை எடுக்காதீர்கள். டொரொன்டோவிலிருந்து நேரடி விமானம் இல்லை. நடுவில் ஓர் இணைப்பு தவறினால் முதல் இரவு போய்விடும். அதைவிடக் கெட்டது, முதல் இரவு வராதவரின் முழுப் பதிவையும் சில ஹோட்டல்கள் ரத்துச் செய்துவிடும். விமானம் தாமதமானால் ஒரு வரி மின்னஞ்சல் போட்டு 'பிந்தி வருகிறோம், அறையை வைத்திருங்கள்' என்று சொன்னாலே போதும்.

எந்தப் பகுதி, எந்த அறை

காலிமுகத்திடலைச் சுற்றி ஷங்ரி-லா, தாஜ் சமுத்ரா, ஐ.டி.சி. ரத்னதீப, கோல்ஃபேஸ் ஹோட்டல் ஆகியவை நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. சினமன் கிராண்ட் அங்கிருந்து சற்றுத் தெற்கே கொள்ளுப்பிட்டியின் தொடக்கத்தில். ஹில்டனும் கிங்ஸ்பரியும் கோட்டையில். சினமன் லேக்சைட், புதிய சினமன் லைஃப் இரண்டும் பேரை வாவியை ஒட்டிக் கொம்பனித்தெருப் பக்கம். பிள்ளைகளும் வயதானவர்களும் சேர்ந்த குடும்பத்துக்குத் திடலைச் சுற்றியவையே வசதி. மாலையில் வாகனம் தேடாமல் இறங்கி நடக்கலாம், பட்டம் விடலாம், இறால் வடை சாப்பிடலாம். அப்பா அம்மாவுக்கு அது ஆகாது. கடலைக் கொட்டை இருக்கிறது.

கோல்ஃபேஸ் ஹோட்டல் 1864இல் கட்டியது. அழகு அழகுதான். ஆனால் பழைய கட்டடங்களில் ஒரே வகை என்று விற்கும் இரண்டு அறைகள் அளவில் ஒன்றுபோல் இராது. நடைபாதை நீளம், இடையிடையே படிகள். முழங்கால் வலியுள்ளவர்களுக்கு 2017இல் திறந்த ஷங்ரி-லாவோ 2024இல் திறந்த ஐ.டி.சி. ரத்னதீபவோ போன்ற புதிய கட்டடம் சுகம். குளியலறை எப்படி என்று கட்டாயம் கேளுங்கள். தொட்டிக்குள் ஏறி நின்று குளிக்கும் அமைப்பா, தரையோடு தரையாக நடந்து உள்ளே போகும் ஷவரா? 70 தாண்டியவர்களுக்கு இரண்டாவது வகை மட்டுமே. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா என்றும், குளியலறைக்குள் வைக்க ஒரு பிளாஸ்டிக் முக்காலி தர முடியுமா என்றும் கேட்டால் தயார் செய்து வைப்பார்கள். கழிவறையில் கைத்தெளிப்பான் கொழும்பின் பெரிய ஹோட்டல்களில் அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. அந்தக் கவலை வேண்டாம்.

'கடல் பார்த்த அறை' என்பதற்குக் கூடுதல் விலை கொடுக்கும் முன் வரைபடத்தைப் பாருங்கள். துறைமுக நகரத்துக்காக 269 ஹெக்டெயர் கடலை நிரப்பியிருக்கிறார்கள். கோட்டைப் பக்க ஹோட்டல்களிலும் திடலின் வடக்குப் பக்கத்திலும் ஜன்னலுக்கும் கடலுக்கும் நடுவில் இப்போது அந்த நிலமும் அதன் கட்டுமானங்களும் நிற்கின்றன. வடமேற்கைப் பார்க்கும் அறை என்றால் நீங்கள் காசு கொடுத்துப் பார்ப்பது பாரந்தூக்கிகளைத்தான். தென்மேற்கைப் பார்க்கும் அறையைக் கேளுங்கள். மேற்குப் பார்த்த அறைக்கு இன்னொரு குணமும் உண்டு: பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஆறு வரை வெயில் நேரே கண்ணாடியில் அடிக்கும். பகலில் தூங்க நினைக்கும் பயணக்களைப்புக்காரருக்கு அது இடைஞ்சல். உப்புக்காற்றினால் வெளிக்கண்ணாடி அடிக்கடி மங்கிப்போகும். அது சுத்தமின்மை அல்ல. வாவி பார்த்த அறைகள் விலையில் நயம், வெயிலும் குறைவு. மழையில்லாத நாட்களில் கீழ்மாடிகளுக்குப் பாசி மணம் வரும், அவ்வளவுதான். கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி மரைன் டிரைவ் ஓரத்து ஹோட்டல்களில் கடல் உண்மையிலேயே காலடியில் இருக்கும். நடுவில் கரையோர ரயில் பாதையும் இருக்கும். முதல் ரயில் விடியலுக்கு முன்பே ஊதிக்கொண்டு போகும்.

இதையெல்லாம்விட நித்திரையைக் கெடுப்பது கல்யாணம். கொழும்பின் பெரிய ஹோட்டல்களுக்கு மண்டப வருமானம் பெரிய வருமானம். வெள்ளி முதல் ஞாயிறு வரை ஒரே ஹோட்டலில் இரண்டு மூன்று வைபவங்கள் ஓடும். சிங்களக் கல்யாணத்தில் போருவை என்ற மணமேடைச் சடங்குக்குக் கண்டிய மேளம், இரவில் பாண்ட். முகப்பில் படமெடுப்பவர்கள் கூட்டம். சேலையும் சோடனையுமாக லிஃப்டை நிறைத்துக்கொண்டு நாற்பது பேர். மார்கழியில் நம்மவர் கல்யாணம் வைப்பதில்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். மற்றவர்களுக்கு அந்தத் தடை இல்லை, வருடக் கடைசிக் கொம்பனி விருந்துகளும் அப்போதுதான். மண்டபம் எந்த மாடியில் என்று கேட்டு, அதற்கு மேல் குறைந்தது நான்கைந்து மாடி தள்ளி, லிஃப்டுக்குப் பக்கத்தில் இல்லாத அறையைக் கேளுங்கள். நீச்சல் தடாகத்தின் நேர் மேல் அறையும் வேண்டாம். அங்கேயும் இரவு விருந்து நடக்கும்.

பிள்ளைகள் விஷயம்: ஆறு வயதுக்குக் கீழ் இலவசம், ஆறு முதல் பன்னிரண்டு வரை காலைச் சாப்பாட்டுக்கு அரைக் கட்டணம் என்பது இங்கே பரவலான வழக்கம். 11 வயதுப் பிள்ளைக்கு மேலதிகக் கட்டில் வேண்டுமா, அதற்கு என்ன விலை, அந்த அறையில் அது போட இடமுண்டா என்பது மூன்று தனிக் கேள்விகள். மூன்றையும் கேளுங்கள். உள்கதவு வைத்த இணைந்த அறைகள் ஒவ்வொரு மாடியிலும் சிலதான் இருக்கும். 'கோரிக்கை குறித்துக்கொண்டோம்' என்ற பதில் உறுதி அல்ல. 'உறுதி செய்கிறோம்' என்று வாங்குங்கள்.

வந்து சேரும் நேரம்

செக்-இன் பிற்பகல் இரண்டு மணி, செக்-அவுட் நண்பகல் பன்னிரண்டு. இதுதான் பொதுவான நேரம். ஆனால் மத்திய கிழக்கு வழியாக வரும் விமானங்களில் நிறைய நள்ளிரவிலும் அதிகாலையிலும்தான் கட்டுநாயக்காவில் இறங்குகின்றன. யாழ்ப்பாணத்து இரவு பஸ்ஸும் விடியற்காலையில் வெள்ளவத்தையில் இறக்கிவிடும். இரண்டு கோஷ்டியும் காலை ஐந்தரைக்கு ஹோட்டல் முகப்பில் நின்றால், அறைக்கு எட்டரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் ஹோட்டல் நிறைந்திருக்கும். 'இருந்தால் தருகிறோம்' என்ற வாக்கை நம்பக் கூடாது. முந்தின இரவிலிருந்தே ஓர் அறையை மட்டும் பதிந்து, அதிகாலை வருகிறோம் என்று குறிப்பிடுங்கள். இரண்டு அறைக்கும் அந்தச் செலவு தேவையில்லை. அப்பா அம்மா அதில் சாய்ந்துகொள்ளட்டும், மற்றவர்கள் குளித்துவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கலாம். அல்லது அப்பா அம்மாவைப் பகல் ரயிலில் வரச் சொல்லுங்கள். கோட்டை நிலையத்திலிருந்து இந்த ஹோட்டல்கள் எல்லாம் கிட்டத்தான்.

விமான நிலையத்திலிருந்து கொழும்பு சுமார் 32 கிலோமீற்றர். 2013இல் திறந்த அதிவேகப் பாதையில் பேலியகொடை வரை வேகமாக வந்துவிடலாம். நேரம் போவது அதற்குப் பிறகுதான். அதிகாலையில் வாசலிலிருந்து வாசலுக்கு முக்கால் மணி நேரம், மாலை ஐந்து மணிக்கு ஒன்றரை மணி நேரமும் ஆகும். ஹோட்டல் வாகனம் பிக்மீ, ஊபர் செயலி வாடகையைப் போல் பல மடங்கு. ஆறு பயணப்பெட்டியோடு நால்வர் என்றால் சாதாரணக் கார் போதாது; வான் என்று தெரிவுசெய்யுங்கள். காசு மாற்ற வருகைக் கூடத்து வங்கிக் கவுண்டர்கள் போதும். ஹோட்டல் காசாளரின் விகிதம் அவற்றைவிட மோசமாக இருக்கும்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி மூன்றும் இலக்காயின. அதன் பிறகு வாகனத்தின் அடியில் கண்ணாடி பார்ப்பது, பைகளை எக்ஸ்ரேயில் விடுவது எல்லாம் வழக்கமாகிவிட்டன. அதிகம் நடக்க முடியாத வயதானவர்கள் இருந்தால் சக்கர நாற்காலியை வாசலிலேயே கேட்டு வாங்கலாம். சில ஹோட்டல்கள் ஓட்டோவை முகப்பு வரை விடுவதில்லை. கேற்றில் இறங்கி நடக்க வேண்டும். அப்பா அம்மாவோடு போகும்போது காராகவே எடுங்கள்.

முன்பணம்

செக்-இன் மேசையில் கார்டைக் கேட்டு, அறை வாடகைக்கு மேல் ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள். இரவுக்கு 50 முதல் 100 டொலர் என்பது சாதாரணம். அது செலவு அல்ல, தடுப்பு. ஆனால் டெபிட் கார்டைக் கொடுத்தால் உங்கள் கணக்கிலிருந்து உண்மையாகவே அந்தப் பணம் முடங்கும். ஹோட்டல் விடுவித்த பிறகும் உங்கள் வங்கி அதைத் திருப்ப ஒன்றிரண்டு வாரம் எடுக்கலாம். இரண்டு அறை, நான்கு இரவு என்றால் 800 டொலர் வரை முடங்கலாம் என்று பாருங்கள். கிரெடிட் கார்டையே கொடுங்கள். கார்ட் மெஷின் 'கனேடிய டொலரா, உள்ளூர் நாணயமா' என்று கேட்டால், கனேடிய டொலரை அமுக்காதீர்கள். மெஷினின் மாற்று விகிதத்தில் பல விழுக்காடு போகும். மாற்றும் வேலையை உங்கள் வங்கியிடமே விடுங்கள். சிலசமயம் ஊழியரே வசதிக்காக உங்கள் நாட்டு நாணயத்தை அமுக்கிவிடுவார். ரசீதில் பார்த்தவுடன் ரத்துச் செய்து மறுபடி போடச் சொல்லலாம்.

சைவச் சாப்பாடு

கொழும்புக் காலைச் சாப்பாட்டு பஃபே என்றால் அப்பம், இடியப்பம், பாற்சோறு, பருப்பு, சம்பல் எல்லாம் இருக்கும். பார்த்தால் பாதி மேசை சைவம் போலத்தான் தெரியும். அதுதான் வில்லங்கம். தேங்காய்ச் சம்பலில், கட்டைச் சம்பலில், சீனிச் சம்பலில் மாசிக் கருவாடு போடுவது இங்கே வழமை. கீரைச் சுண்டலான மல்லுங்கிலும், தாளித்த பருப்பிலும்கூட மாசி விழுவதுண்டு. தூளாக இடித்துப் போடுவதால் கண்ணுக்குத் தெரியாது. 'வெஜிடேரியனா?' என்று கேட்டால் நல்ல மனதோடு 'ஆம்' என்பார்கள், ஏனென்றால் பலருக்கு மாசி என்பது மீன் அல்ல, வாசனைச் சரக்கு. 'மாசி போட்டதா?' என்றே கேளுங்கள். சிங்களத்தில் 'உம்பலகட' என்றால் யாருக்கும் விளங்கும்.

அப்பம் சுடும் இடத்தில் முட்டை அப்பத்துக்கும் வெள்ளை அப்பத்துக்கும் ஒரே தாச்சியும் ஒரே அகப்பையும் ஓடும். அம்மா முட்டை தொடாதவர் என்றால் தனித் தாச்சியில் சுடச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு முன் போனால் முகம் சுளிக்காமல் செய்வார்கள், ஒன்பதரைக்கு வரிசை நிற்கும்போது கஷ்டம். மரக்கறிச் சூப்பின் அடித்தளம் கோழி வேகவைத்த தண்ணீராக இருக்கலாம். மரக்கறி ஃபிரைட் ரைஸில் சிப்பிச் சாறு. வட்டிலப்பத்தில் முட்டை. முதல் நாளே சமையல் தலைவரைச் சந்திக்க வேண்டும் என்று உணவக மேலாளரிடம் சொல்லுங்கள். பெரிய ஹோட்டல்களில் இது வழக்கமான வேண்டுகோள்தான், ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார். தாஜ், ஐ.டி.சி. இரண்டும் இந்தியக் குழுமங்கள் என்பதால் இந்த விளக்கமெல்லாம் அங்கே பாதியாகக் குறையும். உங்கள் நிலைமைக்கு இந்த இரண்டில் ஒன்றை எடுப்பதே நல்லது.

மூன்று வேளையும் ஹோட்டலில் சாப்பிடுவது வீண். காலைச் சாப்பாடு சேர்ந்த விலையில் அறையை எடுத்து, மத்தியானத்துக்கு வெள்ளவத்தைச் சைவக் கடைகளில் ஒன்றுக்கு ஆறேழு கிலோமீற்றர் போய் வாருங்கள். இரவு பஃபேக்கு ஆசைப்பட்டால், உள்ளூர் வங்கிகளின் கிரெடிட் கார்டுக்குப் பெரிய கழிவு கிடைக்கும் நாட்கள் உண்டு. வெளிநாட்டுக் கார்டுக்கு அது இல்லை. கொழும்பில் இருக்கும் மாமாவையோ சித்தப்பாவையோ விருந்துக்கு அழைத்து, அவர் கார்டில் கட்டி, காசை அவர் கையில் கொடுப்பது ஊரறிந்த வழி. கழிவுக்குப் பெரும்பாலும் முன்பதிவு தேவை. எத்தனை பேர் வரை என்ற கட்டுப்பாடும் இருக்கும்.

போயா (பௌர்ணமி) நாளில் மதுச்சாலை மூடியிருக்கும். உங்களுக்கு அது பொருட்டில்லை என்றாலும் அன்று பேரை வாவி, கங்காராமை விகாரைப் பக்கத்து வீதிகள் நெரியும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

அறைக்குள்

மின்சாரம் 230 வோல்ட். புதிய ஹோட்டல்களில் எந்த நாட்டு முளையும் ஏற்கும் பிளக் இருக்கும். பழையவற்றில் சதுர மூன்று முள். மாற்றி கேட்டால் தருவார்கள். கனடாவின் 120 வோல்ட் தலைமயிர் உலர்த்தியை மாற்றியில் போட்டுச் செருகினால் எரிந்துபோகும். மாற்றி முள்ளின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல. 2022இல் இருந்த நீண்ட மின்வெட்டு இப்போது இல்லை. 2025 பெப்ரவரி 9இல் நடந்ததுபோல் நாடு முழுதும் மின்சாரம் போனாலும் ஜெனரேட்டர் சில நொடிகளில் எடுத்துவிடும். அந்த நொடிகளில் லிஃப்ட் நின்று மறுபடி கிளம்பும், வைஃபை அறுந்து வரும். அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் பதறமாட்டார்கள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். அறையில் வைக்கும் போத்தல் போதாவிட்டால் ஹவுஸ்கீப்பிங்கிடம் கேட்டால் அநேகமாக இலவசமாகவே தருவார்கள். மினி பாரில் இருக்கும் தண்ணீர்ப் போத்தல் வேறு, அதற்குக் காசு. பல்கனிக் கதவைத் திறந்துவைத்தால் ஏசி தானாக நிற்கும் அமைப்பு பல அறைகளில் உண்டு. 'ஏசி வேலை செய்யவில்லை' என்ற முறைப்பாட்டில் ஒரு பங்கு அதுதான். ஈரக்காற்று உள்ளே வந்தால் கம்பளத்தில் புழுக்க மணமும் பிடிக்கும். டிசம்பர், ஜனவரி டெங்குக் காலம் என்பதால் பின்னேரம் ஐந்து மணிக்கு அந்தக் கதவை எப்படியும் மூடத்தான் வேண்டும்.

அப்பாவோ அம்மாவோ இன்சுலின் எடுப்பவர் என்றால் மினி பாரை நம்பாதீர்கள். அது பானத்தைக் குளிர்விக்கும் அளவுக்குத்தான் இருக்கும், சில அறைகளில் சாவி அட்டையை எடுத்தால் நின்றும்விடும். மருந்துக்கென்று தனிக் குளிர்பெட்டி கேளுங்கள், அல்லது சமையலறைக் குளிர்பெட்டியில் பெயர் ஒட்டி வைப்பார்கள். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தனியார் மருத்துவமனைகளில் நவலோக்க கொம்பனித்தெருவிலும் டேர்டன்ஸ் கொள்ளுப்பிட்டியிலும் இருக்கின்றன. திடலிலிருந்து இரண்டுமே கிட்ட.

சொந்தக்காரர் வருகை

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் நம்மவர் எல்லோருக்கும் வரும் சிக்கல். நீங்கள் வந்திருப்பது தெரிந்தவுடன் பத்துப் பேர் பார்க்க வருவார்கள். அறைக்கு வரும் விருந்தினர் முகப்பில் அடையாள அட்டை காட்டிப் பதிய வேண்டும். இரவு ஒரு நேரத்துக்கு மேல் அனுமதி இல்லை. பத்துப் பேர் அறைக்குள் இருந்தால் ஹோட்டல் தொலைபேசியில் மரியாதையாக விசாரிக்கும். முகப்பு இருக்கைகளில் சந்தித்து ஆளுக்கொரு தேநீர் எடுத்தால் பில் எகிறும். மாலை நான்கு மணிக்குத் திடலில் சந்திப்பது எல்லோருக்கும் நல்லது.

வெளிச் சாப்பாடு உணவகத்துக்குள் கூடாது. அறைக்குள் மாமி கொண்டுவந்த இடியப்பப் பொதியைச் சாப்பிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. கருவாட்டுப் பொதியை மட்டும் அறையில் வைக்காதீர்கள். மணம் மெத்தையில் ஏறினால் சுத்தம் செய்யும் கட்டணம் பில்லில் வரும். கனடா போகும்வரை அது மாமி வீட்டிலேயே இருக்கட்டும்.

டிப்ஸ் பற்றிக் குற்ற உணர்ச்சி வேண்டாம். 10 விழுக்காடு சேவைக் கட்டணம் ஏற்கெனவே பில்லில் இருக்கிறது. பெட்டி தூக்கியவருக்கு 300 முதல் 500 ரூபா, அறை சுத்தம் செய்பவருக்கு நாளுக்கு 500 ரூபா என்று நேரே கையில் கொடுத்தால் மதிப்பு. கனேடிய நாணயக் குற்றிகளைக் கொடுக்காதீர்கள். இங்கே அவற்றை மாற்ற முடியாது.

மார்கழி என்பதால் அப்பா அம்மா கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரத்தில் திருவெம்பாவைப் பூசைக்குப் போக விரும்பலாம். திடலிலிருந்து விடியலுக்கு முன் பதினைந்து நிமிடம்தான். முந்தின இரவே வாகனமும், திரும்பி வந்து சாப்பிட நேரமில்லாவிட்டால் காலைச் சாப்பாட்டுப் பெட்டியும் சொல்லி வையுங்கள். பெட்டியில் சான்ட்விச்சில் முட்டையோ மீனோ வேண்டாம் என்று சொல்ல மறக்க வேண்டாம். இயல்பாக வருவது அதுதான்.

புறப்படும் நாள்

விமானம் நள்ளிரவுக்குப் பிறகு என்றால் நண்பகலில் அறையை விட்டபின் பன்னிரண்டு மணி நேரம் மிச்சம். மாலை ஆறு வரை வைத்திருக்க அரை நாள் வாடகை கேட்பது வழக்கம்; அதற்கும் பேசிப் பார்க்கலாம், முந்தின நாள் காலையிலேயே. ஓர் அறையை மட்டும் நீட்டினால் போதும். பெட்டிகளைக் காவலில் வைத்துத் தடாகத்துக் குளியலறையில் குளித்துக்கொள்வதும் அனுமதிக்கப்படும்.

பில்லை முந்தின இரவே அச்செடுத்துத் தரச் சொல்லி ஆறுதலாகப் பாருங்கள். தவறு வரும் இடங்கள் இவை: எடுக்காத மினி பார்ப் பொருள், மற்ற அறையின் உணவக பில், காலைச் சாப்பாடு சேர்ந்த விலையாக இருந்தும் 11 வயதுப் பிள்ளைக்குத் தனியாகப் போட்டது, ஏற்கெனவே இணையத்தில் கட்டிய வரியை மறுபடி சேர்த்தது. செக்-அவுட் நேரத்தில் வாகனம் காத்திருக்கும்போது இவற்றைத் தீர்க்க முடியாது. இரவு ஒன்பது மணிக்கு மேசை வெறுமையாக இருக்கும்போது பத்து நிமிடத்தில் தீரும். நிறுத்திவைத்த முன்பணத்தை விடுவித்ததற்கான சீட்டையும் அப்போதே கேட்டு வாங்குங்கள். உங்கள் வங்கியோடு பேச வேண்டி வந்தால் அந்தச் சீட்டின் இலக்கத்தைத்தான் கேட்பார்கள்.